கழுவிவிட்ட பானை

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மாத்தளையில் ஒரு சிறிய மியூசியத்தில் துப்புரவு வேலை செய்கிறேன்.

நாவுலவில் தோண்டியெடுத்த பழங்காலப் பானையைக் கூட்டு ஆய்வுக்காக வெளிநாட்டு மியூசியம் ஒன்றுக்கு அனுப்ப இருந்தார்கள். அழுக்காகப் போனால் நமக்குத்தான் வெட்கம் என்று, யாரும் சொல்லாமலே உள்ளே தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவிவிட்டேன்.

எடுத்துப் போக வந்த வெள்ளைக்காரப் பெண் பானைக்குள் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள ஒட்டியிருந்த கரி எங்கப்பா? அந்தக் காலத்து ஆளுங்க கடைசியா என்ன ஆக்குனாங்கன்னு அதை வச்சுத்தானே இவங்க கண்டுபிடிக்க இருந்தாங்க! யாரு கழுவுனா?" என்றார் எங்கள் பொறுப்பாளர்.

"தெரியாதுங்க சேர்," என்றேன்.

அந்தப் பெண் வெறுங்கையோடு திரும்பினார். பானை இருக்கும் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம், உள்ளே யாரோ அகப்பையால் சுரண்டும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

இன்று எங்கள் வீட்டுப் பானையில் அடிப்பிடித்ததை மனைவி தேய்க்கப் போனாள். "கொஞ்சம் இருக்கட்டும், விடு," என்றேன்.

தைப்பொங்கல் அன்று எழுதியது.