சொர்க்க ரதத்தில் ஒரு நாக்டர்ன்

மதுரையில் மிக அதிகம் பேர் கேட்டிருக்கும் பியானோக் கலைஞன் நல்லகாமன்தான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். கேட்டவர்கள் எல்லோரும் அப்போது துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அதைவிட வேறு விஷயம்.

சமயநல்லூருக்கு மேற்கே நாலு ஏக்கரும் இரண்டு கறவை மாடுகளும் வைத்திருந்த தவசியின் ஒரே மகன். வயது முப்பத்தாறு. வணிகவியல் படிக்கக் கல்லூரிக்குப் போனவன், அங்கே பிரார்த்தனைக் கூடத்தில் பூட்டாமல் கிடந்த பியானோவைக் கண்டான். வணிகவியல் அத்தோடு சரி. இப்போது பழங்காநத்தத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு வகுப்பு எடுக்கிறான். முகூர்த்த நாட்களில் கல்யாண வரவேற்புகளுக்கு வாசிக்கப் போவான். போவான் என்பதைவிடப் போய்க்கொண்டிருந்தான் என்பது சரி. காரணம் பின்னால் வருகிறது.

நாக்டர்ன் என்பது ஐரோப்பியர்கள் இரவை நினைத்துத் தனிப் பியானோவுக்கு எழுதிய இசை. இடது கை தண்ணீர் போல அசைந்துகொண்டே இருக்கும். வலது கை அதன்மேல் தனியாகப் பாடும். இரவு பத்து மணிக்கும் கூம்பு ஒலிபெருக்கி ஓயாத ஊரில் அமைதியான இரவைப் பற்றிய இசைமேல் ஒருவனுக்குப் பைத்தியம் பிடித்தது ஏன் என்று கேட்கக்கூடாது. இல்லாததன்மேல்தானே பைத்தியம் பிடிக்கும்.

அப்படி ஒரு நாக்டர்னை அவன் பதினோரு வருடம் சாதகம் செய்தான். வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. டிஜிட்டல் பியானோ வாங்கிய முதல் வாரமே தவசி சொல்லிவிட்டார்: “இந்தச் சத்தத்துக்கு மாடு பால அடக்குதுடா. ஒண்ணு அத நிறுத்து, இல்ல நீ கறந்து காட்டு.” அன்றிலிருந்து ஹெட்போன்தான். வெளியே கேட்டதெல்லாம் கட்டைகள் தட்டுப்படும் டொக் டொக். “என்னடா, ஒத்தையில பல்லாங்குழி ஆடுறியா?” என்று தவசி போகிறபோக்கில் கேட்டுவிட்டுப் போவார்.

நல்லகாமனுக்குப் பேர் வேண்டாம், மேடை வேண்டாம். யாராவது ஓர் ஆள் அந்த ஆறு நிமிடத்தையும் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை. இதைவிடப் பெரிய ஆசைகள் மதுரையில் சுலபமாக நிறைவேறியிருக்கின்றன.

வில்லாபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் துணிந்து அதை ஆரம்பித்தான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பதறி எழுந்தார்.

“யாருப்பா போய்ட்டது? டிவியில எதுவும் சொன்னாய்ங்களா?”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தலைவர்கள் யாராவது மறைந்தால் டிவியில் நாள் முழுக்க ஓடுவது அந்த மாதிரி இசைதான். மெதுவான பியானோ என்றால் எங்கோ ஒரு பெரிய சாவு என்று ஊருக்குப் பழகிவிட்டது. பெண்ணின் தகப்பனார் மேடைக்கு வந்து பிளக்கைப் பிடுங்கினார். “எம்புட்டுச் செலவு பண்ணி வச்சிருக்கேன், எம் மக கல்யாணத்துல எழவு வாசிக்கிறியா?”

பந்தியிலிருந்து ஒருவர் மட்டும் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு தேடிவந்தார். அவர் சங்கிலி. சொர்க்க ரதம் என்ற பெயரில் பிணம் ஏற்றும் வண்டி ஓட்டுபவர்.

“மாப்ள, இம்புட்டு நாளா எங்கய்யா இருந்த? என் வண்டிக்குன்னே வாசிச்சாப்ல இருக்கு. பென்டிரைவ்ல பதிஞ்சு குடு.”

நல்லகாமன் ஓர் இரவு யோசித்தான். கல்யாண வீட்டில் எவனும் உட்கார்ந்து கேட்பதில்லை, பந்திக்கு எழுந்து போய்விடுகிறான். எழவு வீட்டில் பாதியில் எழுந்து போனால் ஊர் பேசும். ஆகவே முழுதும் கேட்பார்கள். குற்றம் காண முடியாத கணக்கு. பதிந்து கொடுத்தான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் என்பதால் வீட்டில் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்துச் சங்கிலி போன் செய்தார்.

“மாப்ள, பாட்டு பிச்சுக்கிருச்சு. கடசியில மட்டும் என்ன, விடியிற மாதிரி முடிச்சிருக்க? சந்தோசமால்ல இருக்கு. பொணம் எந்திரிச்சு உக்காந்துரும்போல. அத மட்டும் வெட்டிட்டேன்.”

பதினோரு வருடத்தில் அவனுக்கு ஒழுங்காகக் கைவந்தது அந்தக் கடைசி அரை நிமிடம்தான்.

இரண்டே வருடத்தில் சங்கிலிக்கு மூன்று வண்டிகள். மற்ற வண்டிக்காரர்களும் பாட்டைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். வாசித்தவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் நல்லகாமன் கல்யாணத்தில் எதை வாசித்தாலும், “வண்டிப் பாட்டு மாதிரி இருக்கே” என்று யாராவது முகம் சுளித்தார்கள். தன் இசையோடு போட்டியிட்டுத் தோற்ற கலைஞர்கள் குறைவு. வரவேற்புகள் நின்றன.

போன ஆவணியில் ஒரு காலை, பால் கறந்துவிட்டு உட்கார்ந்த தவசி எழுந்திருக்கவில்லை.

மதியம் நல்லகாமன் பியானோவை வாசலுக்குத் தூக்கிவந்தான். அப்பா கேட்காமலே போய்விட்டார்; கூடியிருக்கும் ஊராவது, அம்மாவாவது, முடிவுவரை கேட்கட்டும் என்று நினைத்தான். தாய்மாமன் அழகுபாண்டி குறுக்கே வந்து நின்றார்.

“என்ன மருமகனே இது?”

“ஒண்ணே ஒண்ணு வாசிக்கிறேன் மாமா. ஆறே நிமிசம்.”

“அப்பன் பொணங் கெடக்கு, மகன் கச்சேரி பண்ணுனான்னு ஊரே காறித் துப்பும். தூக்கி உள்ள வையி. வண்டி வருதுல்ல, அதுல நல்ல பாட்டாப் போடுவாய்ங்க.”

வண்டி வந்தது. சங்கிலியின் வண்டிதான், டிரைவர் புதியவர். பொத்தானை அழுத்தினார். இடது கை அசைந்தது, வலது கை பாடியது. கூட்டம் அடங்கியது. ஒப்பாரி வைத்த பெண்கள்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

ஈர வேட்டியில் கொள்ளிச்சட்டியோடு நின்ற மகனின் தோளைப் பிடித்துக்கொண்டாள் ரெங்கம்மாள்.

“கேட்டியாடா? நெஞ்சப் பிசையுது. இத்தன வருசமா டொக்கு டொக்குன்னு தட்டுனியே, இப்படி ஒண்ண வாசிக்கப் படிச்சிருந்தா அந்த மனுசன் ஒரு நாளாச்சும் ஒக்காந்து கேட்டிருப்பாரே.”

“ஆத்தா, அது நான் வாசிச்சதுதான்.”

ரெங்கம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். மகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்பனத் தூக்குற நேரத்துலயுமாடா பொய்யி?”

வண்டி நகர்ந்தது. பாட்டு வெட்டிய இடம்வரை போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

“சட்டிய ஆட்டாமப் பிடி மருமகனே,” என்றார் அழகுபாண்டி. “நெருப்பு சிந்துது.”