சகலை கட்டிய கப்பல்

சனிக்கிழமை காலை பதினொரு மணிவாக்கில் என் வேன் சகலை வீட்டு வாசலில் வந்து நிற்கும். பின்கதவைத் திறந்தால் கடல் தண்ணீர் சொட்டும். நைந்த நைலான் கயிறுகள், வலை மிதவைகள், உப்பில் ஊறி வெளுத்த பலகைத் துண்டுகள், மூடி தொலைந்த போத்தல்கள். இவற்றில் ஒன்றுகூட கேட்டைத் தாண்டுவதற்கு முன்னால் என் மனைவியின் அக்கா மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு வந்துவிடுவார். முதலில் சாக்குகள் மீது தெளிப்பார், பிறகு தன் கணவரின் தலையில், அதன் பிறகு என் தலையில். வேன் டயருக்கும் நாலு சொட்டு உண்டு. "கப்பல்காரங்க வந்துட்டாங்கலா" என்று சிரித்துக்கொண்டே தேநீர் போட உள்ளே போவார். அந்தச் சிரிப்பை அந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனவன் நான். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ரந்தாவ் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன்தான். அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் எங்கள் வீடுகளில் கடலுக்குப் போவது பெரும்பாலும் குளிப்பதற்கல்ல, கரைப்பதற்கு. இறந்தவரின் சாம்பல், சட்டி, துணி, தேங்காய். சில வீடுகளில் அவர் போட்ட செருப்பு, மூக்குக்கண்ணாடி. கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏறவே விடுவார்கள். அப்படிப்பட்ட கரையில் சாக்கு நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து, வீட்டுச் சுவரில் மாட்டும் அலங்காரப் பொருள் செய்தவர் என் சகலை. துணிச்சல்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கரப்பான்பூச்சியைக் கண்டாலே நாற்காலியில் ஏறுகிறவர்.

செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கப்பலில் ஏறியதே இல்லை. பினாங்குப் படகில் ஒருமுறை போனபோது வாந்தி எடுத்ததுதான் அவருடைய மொத்தக் கடல் அனுபவம். ஓய்வு பெற்ற புதிதில் ஒரு பழைய லோரி ரிம்மைத் தேய்த்து, நடுவில் கண்ணாடி பதித்து, சுற்றிக் கயிறு கட்டி, கப்பல் ஜன்னல் மாதிரி ஒன்றை மகளின் அறைக்குச் செய்துகொடுத்தார். மகள் அதைப் படமெடுத்து கைப்பேசியில் போட, போர்ட்டிக்சனில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு சீன அம்மா அதேபோல் ஆறு வேண்டும் என்று தேடி வந்துவிட்டார். அதற்குப் பிறகு சகலைக்கு எதைப் பார்த்தாலும் கப்பலாகவே தெரிந்தது. ரப்பர் பால் பிடித்துவிட்டுப் பால்மரக் காட்டில் எறியப்பட்டுக் கிடந்த மங்குகள் வரிசையாகத் தொங்கும் விளக்குகள் ஆயின. கேபிள் சுற்றி வரும் பெரிய மர உருளை சுக்கான் சக்கரம் ஆனது. ஆலையின் கழிவு இரும்பில் நங்கூரம், உரச்சாக்கில் பாய். கோலாலம்பூர்க்காரர்கள் காரை நிறுத்தி விசாரித்து வாங்கிப் போனார்கள். எங்கள் தாமான் குடியிருப்புகளிலும் பாதி வீட்டு வாசலில் அவருடைய விளக்குகள் தொங்கின.

பொறுக்குவதில் அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. சட்டி ஓடு, துணி, தேங்காய் மூன்றையும் தொடக்கூடாது. அதைவிட முக்கியம், நூல் கட்டியிருந்தால் எதுவானாலும் தொடக்கூடாது. "நூல் கட்டியிருந்தா அது கடலுக்குக் குடுத்தது சகலை. மத்ததெல்லாம் கடல் நமக்குக் குடுத்தது" என்பார். வாங்க வருகிறவர்களிடமும் இதைச் சொல்வார். இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எங்கள் சனங்கள் அவர் செய்த பொருட்களை வீட்டுக்குள் விட்டார்கள்.

எனக்கு வேலை பள்ளிக்கூட வேன் ஓட்டுவது. சனிக்கிழமை ஓய்வு என்பதால் அவரோடு கிளம்பிவிடுவேன். பொறுக்குவதில் நான் மட்டம். அவர் அழகான பலகையாக எடுத்துக்கொண்டிருக்கும்போது நான் பிளாஸ்டிக் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவேன். "உன் கண்ணுக்குக் குப்பைதான்யா ஓடி வந்து ஆப்புடுது" என்று எல்லார் முன்னாலும் கிண்டல் செய்வார். சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும்.

ஒரு சமயம் அவர் பெரிய கப்பல் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். அதே சீன அம்மா கேட்டது, இடுப்புயரம் இருக்கும். பாய்மரத்துக்கு வழவழப்பான ஒரு கம்பு அமையாமல் இரண்டு வாரமாகத் தவித்துக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை அவருக்கு முட்டி வலி, வேனை விட்டு இறங்கவில்லை. நான் மட்டும் பாறைப் பக்கம் போனேன். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு கைத்தடி செருகிக் கிடந்தது. சாயம் போயிருந்தாலும் கருங்காலி போல உறுதி. பிடி கிளியின் தலையாகச் செதுக்கப்பட்டிருந்தது. கழுத்தில் பித்தளை வளையம், வளையத்துக்குக் கீழே வெளுத்துப்போன ஒரு மஞ்சள் கயிறு.

யாருடையது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், பயனில்லை. என் தாமானில் அடுத்த வரிசையில் இருந்த தோட்ட ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணி ஐயாவுடையது. காலையில் நடந்து போகும்போது அந்தத் தடியால் என் வேன் டயரைத் தட்டி, "காத்து கம்மியா இருக்குலா, பாத்து ஓட்டு" என்று சொல்லாமல் போகமாட்டார். அவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தேன். கயிற்றை அறுத்துத் தண்ணீரில் போட்டேன். கைத்தடியை வேனுக்குக் கொண்டு வந்து நீட்டினேன். சகலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடேயப்பா, இன்னிக்குத்தான்யா உனக்குக் கண்ணு திறந்திருக்கு" என்றார். "நூல் கீல் எதும் இல்லியே?" என்றும் கேட்டார். இல்லை என்றேன். வீடு வரும்வரை என்னைப் புகழ்ந்துகொண்டே வந்தார். அந்த அரை மணி நேரப் புகழுக்காகத்தான் எல்லாம்.

கப்பல் அபாரமாக அமைந்தது. தடியின் உடம்பு பாய்மரம், கிளித்தலை கப்பலின் முகப்பு. கொண்டுபோய்க் கொடுக்க மனமில்லாமல், மகளின் நிச்சயதார்த்தம் முடியட்டும் என்று கூடத்தில் வைத்துக்கொண்டார். மகளும் பெருமையாக அதைப் படமெடுத்துப் போட்டாள். படம் கை மாறிக் கை மாறி என் தாமானுக்கும் வந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

நிச்சயதார்த்தத்துக்குச் சிரம்பானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சகலையின் மகள் தாம்பாளத் தட்டுகளுக்குப் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் ரோஸ் தண்ணீர்க் குவளைகளைத் தட்டில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் ஒரு கார் நின்றது. கிராணி ஐயாவின் மகனும், அவருக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் கிராணியம்மாவும் இறங்கினார்கள். பந்தலையும் செருப்புகளையும் பார்த்ததும் அந்த அம்மா அப்படியே பின்வாங்கினார். "அய்யோ, நல்ல காரியம் நடக்குது. நான் வரக்கூடாது. வாடா போலாம்" என்றார். மகன் கேட்கவில்லை. அப்பாவோடு கடலில் விட்ட கைத்தடி இந்த வீட்டுக் கப்பலில் இருப்பதைப் படத்தில் பார்த்ததாக எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். கிராணியம்மா கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "கம்ப மட்டும் ஒருவாட்டி பாத்துட்டுப் போயிர்றேன்யா" என்றார்.

சகலை கப்பலைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தார். அந்த அம்மா குனிந்து கிளித்தலையைத் தடவினார். "எங்க வீட்டு ஐயாவோடதுதான்" என்றார். குரலில் கோபம் இல்லை. மகனுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "யாரு எடுத்தது?" என்று கத்தினார். சகலை என்னைத் திரும்பிப் பார்த்தார். கொண்டுவந்தவன் நான்தானே, பதில் சொல்வேன் என்று பார்த்தார். நான் கையிலிருந்த தட்டைப் பார்த்தேன். குவளைகளில் ரோஸ் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

"நான்தான் தம்பி. தெரியாம எடுத்துட்டேன். மன்னிச்சிருங்கம்மா" என்றார் சகலை.

அதோடு முடிந்திருக்கும். தெரியாமல் செய்ததை யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். ஆனால் கிராணியம்மா கிளியின் கழுத்தில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டார்: "இதுல ஒரு மஞ்சக் கயிறு கட்டிவிட்டிருந்தேனே. என் கழுத்துல கெடந்ததுல ஒரு துண்டு. அது எங்க?"

சகலையின் கட்டுப்பாடு அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அவர் மறுபடி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். என் மனைவி பக்கத்தில் நின்றாள், வேனில் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள் நாலைந்து பேர் நின்றார்கள். தட்டோடு அடுத்த வரிசைக்கு நகர்ந்தேன்.

"நான்தான் அறுத்தேன்" என்றார் சகலை.

திருப்புளியைக் கொண்டுவந்து, கேட்டருகே குந்தி உட்கார்ந்து, கிளித்தலையையும் பாய்மரத்தையும் கழற்றிக் கொடுத்தார். ஆணி கழல வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் மாப்பிள்ளையின் தாயார் எழுந்துவிட்டார். "இன்னொரு நல்ல நாள் பாத்து சொல்லி அனுப்புறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லி அனுப்பவே இல்லை.

அந்த வாரமே எங்கள் சனங்கள் அவர் செய்த விளக்குகளைக் கழற்றிக்கொண்டுவந்து அவர் கேட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் மணியடிக்கக்கூட இல்லை. ஹோம்ஸ்டேக்காரர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், சகலைதான் செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமை வேனோடு போய் நின்றேன். "இனிமே போக வேணாம் சகலை" என்றார். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "உன் வேன்ல முப்பது புள்ளைங்க ஏறுதுலா. விடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

அதைவிட மோசமான காரியம் ஒன்றை மூன்று வருடம் கழித்துச் செய்தேன். என் மகளின் நிச்சயதார்த்தம். சகலை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள்தான் என் மகளுக்குப் பூ வைத்து அலங்காரம் செய்தாள். என் சம்பந்தியாகப் போகிறவர் சகலையைக் காட்டி, "அந்தக் கம்பு எடுத்தாருன்னு சொல்வாங்களே, அவருதானா?" என்று மெதுவாகக் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனாலும் சகலைக்குக் கேட்டுவிட்டது. ஆமாம் என்று சொல்லச் சொல்லி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"ஆமாங்க, அவருதான்" என்றேன். என் மகளின் நிச்சயதார்த்தம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

சகலையின் மகளுக்கு இப்போது முப்பத்து நாலு வயது. அம்பாங்கானில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். நிச்சயதார்த்தம் முறிந்த பிறகு மூன்று சம்பந்தங்கள் வந்தன, மூன்றும் நின்றன. மூன்றாவது போன மாதம்தான் நின்றது. "தாலிக்கயிறு அறுத்த வீடுதானே" என்று கேட்டு அனுப்பினார்களாம். என் மனைவி இதைச் சொல்லி அழுதபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடம் எப்படி இறங்கியது என்பதுதான் ஆச்சரியம். முதலில் மனைவியிடம் சொன்னேன். அவள் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை. மறுநாள் அம்பாங்கானுக்குப் போனேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். கிளினிக்குக்குப் பின்னாலிருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, கயிற்றை நான் அறுத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்மா."

தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "ரெண்டு பேரும் கண்ணாலயே பேசி முடிச்சிட்டீங்க. நான் அங்கதானே தட்டுக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன். என்னை யாரு சித்தப்பா கேட்டீங்க?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. சகலை என்னை மன்னித்திருக்கலாம். அவர் மன்னித்தது தன் பங்கை மட்டும்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நடந்ததைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறேன், யார் பெயரும் வராமல் எழுதுகிறேன் என்றேன். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எங்க பேரு போட வேணாம். அது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். உங்க பேரப் போடுங்க."

என் பெயர் முனியாண்டி. ரந்தாவில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். கம்பை எடுத்தவன் நான். கயிற்றை அறுத்தவனும் நான்.