ஒட்டின் மேல் அணைத்த மண்

கொட்டாரம் பக்கம் நாங்கள் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்த வயலில் இரண்டு போகம் தர்பூசணி வாடல் நோயில் போயிற்று. மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுகிற நோய். காய் பெருக்கிற நேரம் பார்த்துக் கொடி துவண்டுவிடும். மூன்றாம் தடவையும் போனால் வயலைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று நானும் மனைவியும் ஜெபத்தில் வைத்து முடிவு செய்திருந்தோம். என் முதுகும் முன்போல் வளைவதில்லை.

அந்தத் தடவை சுரை நாற்றின் தண்டில் தர்பூசணியை ஒட்டிய கன்றுகள் வாங்கினோம். சுரை வேரில் அந்த நோய் ஏறாது. நாற்று விற்றவர் இரண்டு காரியம் சொன்னார். சுரை வேர் உரத்தை வாரி இழுக்கும், வழக்கத்தில் பாதி போதும். கூடினால் கொடிதான் ஓடும், காய் பிடிக்காது. இன்னொன்று, ஒட்டுப் போட்ட இடம் மண்ணில் படக் கூடாது.

முதல் சொல்லை உயிரைப்போல் காத்தேன். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று கேலி செய்தார்.

"என்ன வேய், தண்ணிமத்தனுக்கும் உபவாசமா?"

"பத்து நாளு கழிச்சு வந்து இலையப் பாரும்" என்றேன்.

வந்தார். கறுகறுவென்று நின்ற இலையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு மூன்று நாள் மழை. மண் கரைந்து செடிகளின் அடி தெரிந்தது. நான் விவரம் தெரிந்த நாள்முதல் வாழை வைத்தவன். அடி தெரிகிற செடியைக் கண்டால் கை தானாக மண்வெட்டியை எடுக்கும். வயல் முழுக்க மண் அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஒரு வாரம் கழித்துக் களை பறிக்கப் போன மனைவி சத்தம் போட்டாள்.

"இஞ்ச வாருங்க. ஒட்டு எங்க?"

"அங்கதான் இருக்கும்."

"இருக்கு, மண்ணுக்குள்ள. இது என்ன வாழையா, இப்பிடி அணைச்சு வச்சிருக்கியளே!"

"மறந்துட்டேன், ஓர்ம இல்லாம போச்சுட்டி."

"உரத்துக்கு மட்டும் ஓர்ம இருந்துதாக்கும்."

மண்ணை விலக்கிக் காட்டினாள். ஒட்டுக்கு மேலே, தர்பூசணித் தண்டிலிருந்தே வெள்ளை வேர்கள் கிளம்பி மண்ணில் இறங்கியிருந்தன. நோய் ஏறுகிற அதே வேர். அதைத் தவிர்க்கத்தானே சுரையைத் தேடிப் போனோம்!

நான்கு நாள் இருவரும் முழங்காலில் நகர்ந்தோம். விரலால் மண்ணை விலக்குவது, பிளேடால் அந்த வேரை நறுக்குவது, அடுத்த செடி. ஜெபிக்க வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று மட்டும் முனகினேன்.

"குடும்ப ஜெபத்துல முட்டு போடச் சொன்னா வலிக்குதும்பிய. இப்ப பாருங்க" என்றாள் அவள். சிரிக்கத் தெம்பில்லை, ஆனாலும் சிரித்தோம்.

நாங்கள் கடைசியில் போய்ச் சேர்ந்த கிழக்கு ஓரத்தில் அதற்குள் வேர் ஆழமாகப் போயிருந்தது. அந்த வரிசைகள் துவண்டு செத்தன. மற்றவை காய்த்தன. வயலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கொஞ்சம் ஓய்ந்திருக்கலாமே என்று தோன்றாமலும் இல்லை.

முதல் பழத்தை ஆலயத்துக்குக் கொண்டுபோனோம். ஸ்தோத்திரம் சொல்ல எழுந்து நின்றபோது என் கால்கள் நடுங்கின. பார்த்தவர்கள் சந்தோஷத்தில் என்று நினைத்திருப்பார்கள். களைப்புதான்.