தவறணை என்று சொன்ன ஊர்

கணேசலிங்கத்தை முதலில் பார்க்கிறவர்கள் அவரைப் பெரிய குடிகாரர் என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பக்கம் ராமேஸ்வரம், இந்தப் பக்கம் சாயல்குடி, இடையில் அவர் கால் வைக்காத மதுக்கடை கிடையாது. பட்டப்பகலில் பாருக்குள் நுழைவார். ஒரு சோடா, ஒரு தட்டு சுண்டல். அதற்கு மேல் எதுவும் வாங்க மாட்டார். மூலையில் உட்கார்ந்திருக்கிற வயசாளியாகப் பார்த்துப் பக்கத்தில் போய் உட்காருவார். "ஐயா, இந்தக் கடை வாரதுக்கு முன்னால இங்கன என்ன இருந்துச்சு?" என்று மெதுவாக ஆரம்பிப்பார்.

பிழைப்புக்குப் பெயிண்ட் அடிக்கிறார். மண்டபம் அகதி முகாமில் வீடு. சின்னப் பிள்ளையாகச் சிலோனிலிருந்து வந்தவர். இப்போது தலை நரைத்துவிட்டது. அது நரையா சுண்ணாம்பா என்று கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அவர் மனைவி கஜனி என்னிடம் சொன்னாள்: "மற்றவையின்ர புருசன்மார் குடிச்சுப்போட்டு வருவினம். என்ர ஆள் குடிக்காமலே வாறார், ஆனா மணம் மட்டும் அதே மணம். நான் ஆரிட்டப் போய்ச் சண்டை பிடிக்க?"

வேலை முடிந்த நேரமெல்லாம் அவருக்கு இதுதான். எந்த ஊரில் கள்ளுக்கடை எந்த மரத்தடியில் இருந்தது, யார் குத்தகைக்கு எடுத்தார்கள், எப்போது தீப்பிடித்தது, யார் அங்கே பாட்டுப் படித்தார்கள், யார்மேல் யார் அரிவாளைத் தூக்கினார்கள், பிறகு யார் சமாதானம் பண்ணி ஒரே பட்டையில் குடிக்க வைத்தார்கள், எல்லாவற்றையும் கேட்டுப் போனில் பிடித்து வைத்திருக்கிறார். பட்டை என்றால் பனை ஓலையை மடித்துக் கட்டுவார்களே, அது. அந்தக் காலத்தில் கள்ளை அதில்தான் ஊற்றிக் குடிப்பார்கள். கோயிலுக்குத் தல வரலாறு சொல்லக் கேட்டிருக்கிறேன். குடிக்கிற இடத்துக்கும் தல வரலாறு உண்டென்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அக்காள்மடத்துப் பக்கம் ஒரு பார். அங்கே வருகிற வயசாளிகள் குடித்து முடித்ததும் கையைத் தலைக்கு மேலே தூக்கி, சுவரில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அதைப் பார்த்துச் சின்ன வயசுக்காரர்களும் தட்டுவார்கள். எதற்கென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கணேசலிங்கம் விடவில்லை. பல தடவை போய்ப் பல பேரைக் கேட்டுக் கடைசியில் கண்டுபிடித்தார். அந்தச் சுவர் நிற்கிற இடத்தில் முன்னே வேப்பமரம் நின்றிருக்கிறது. குடித்த பட்டையை எட்டி அதன் கொப்பில் மாட்டிவிட்டுப் போவது வழக்கம். மரம் போய், கள் போய், பட்டை போய்விட்டது. கை மட்டும் இன்னும் கொப்பைத் தேடுகிறது. இதைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி ஒரு மலைப்பு.

இதெல்லாம் எதற்காக என்றுதானே கேட்கிறீர்கள்? அவருடைய அப்பாவுக்காக.

அவர் அப்பா அங்கே மன்னார் கரையில் கள்ளுக்கடை வைத்திருந்தவர். அந்தப் பக்கம் கள்ளுக்கடையைத் தவறணை என்பார்கள். எண்பத்து நான்கில் அங்கே கலவரமாகிவிட, மனைவி விமலாதேவியையும் மகனையும் ஒரு வள்ளத்தில் ஏற்றிவிட்டு, "அடுத்த வள்ளத்தில வாறன்" என்றாராம். இவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கிவிட்டார்கள். அவர் வரவில்லை. கடலில் போய்விட்டார் என்று சில பேர் சொன்னார்கள். அங்கேயே வேறு ஒருத்தியோடு தங்கிவிட்டார் என்று சில பேர் சொன்னார்கள். முகாமில் அந்தப் பேச்சுத்தான் நின்றது. விமலாதேவி தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. அதற்கும் பேச்சு வாங்கினாள். மகனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உயிரோட இருக்கிறாரோ எண்டு நான் கேக்கேல்லை. அந்த மனுசன் எங்களைத் தேடி வெளிக்கிட்டவரோ, இல்லையோ? அதை மட்டும் அறிஞ்சு சொல்லு." வெளிக்கிட்டவரோ என்றால் கிளம்பினாரா என்று அர்த்தம்.

கணேசலிங்கம் யோசித்திருக்கிறார். கள்ளுக்கடைக்காரன் தெரியாத கரையில் ஏறினால் முதலில் எங்கே போவான்? கள்ளுக்கடையைத் தேடித்தான் போவான். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் யாராவது ஒருவர் பார்த்திருப்பார், அவர் இன்னும் எங்காவது உட்கார்ந்து குடித்துக்கொண்டிருப்பார். அப்படித்தான் கடை கடையாக ஏற ஆரம்பித்தார்.

முதலில் அவர் ஊர்ச் சொல்லை வைத்தே கேட்டிருக்கிறார். காரங்காட்டுப் பக்கம் ஒரு கிழவியிடம், "அம்மா, இங்கன பழைய தவறணை எங்க இருக்கு?" என்றிருக்கிறார். அவளுக்குக் காது மந்தம். 'தவறினவுக வீடு எங்கே' என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, கையைப் பிடித்து இழுத்துப் போய் ஒரு சாவு வீட்டில் உட்கார வைத்துவிட்டாள். அங்கே இவரைக் கட்டிப் பிடித்து நாலு பொம்பளைகள் அழுதிருக்கிறார்கள். "பெறகு என்ன செஞ்ச?" என்று கேட்டேன். "என்ன செய்றது ஆத்தா, நானும் அழுதேன். காப்பி குடுத்தாங்க, குடிச்சிட்டு வந்தேன்" என்றார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை வெளியில் எடுப்பதே இல்லை. கள்ளுக்கடை என்று இந்தப் பக்கத்து ஆட்களைப் போலவே கேட்கப் பழகிக்கொண்டார்.

போன பங்குனியில் என் பேத்தி கவிப்ரியாவின் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தார். எங்கள் ஊர் மாரியூருக்குக் கிழக்கே, கடலோரம். ஏணியில் நின்று அடித்துக்கொண்டே கேட்டார்.

"ஆத்தா, இந்த ஊர்ல அந்தக் காலத்துக் கள்ளுக்கடை எங்கன இருந்துச்சு?"

"உனக்கு எதுக்குய்யா அது? வேலையப் பாரு."

"சும்மா தெரிஞ்சுக்கிறதுக்குத்தான்."

"அந்தா பூவரசு நிக்குதுல்ல, அதுக்கு அங்கிட்டுக் கருவேலங்காடாக் கெடக்கே, அதுதான் தவறணை."

பிரஷ் நின்றுவிட்டது. பெயிண்ட் அவர் காலில் சொட்டுகிறது. அவருக்குத் தெரியவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"தவறணைன்னு சொன்னேன். தமிழ்தானய்யா பேசுறேன்."

"அந்தச் சொல்ல இங்கன எல்லாரும் சொல்லுவாங்களா?"

"பெறகு? கள்ளுக்கடைய வேற என்னன்னு சொல்றது?"

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். பரமக்குடியில் சொன்னபோது சிரித்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை என்று சண்டை போட்டுவிட்டு வந்தவள் நான். கணேசலிங்கம் ஏணியிலிருந்து இறங்கிவந்து வாசற்படியில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மலையாண்டி வந்தான். எங்கள் தெருக்காரன்; அந்தக் கடையில் ஒரு நாள் விடாமல் குடித்தவன்.

"ஏலே மலையாண்டி, இந்தப் பெயிண்டருக்குத் தவறணைன்னா தெரியலையாம்ல."

"தெரியாதுல்ல. அது நம்ம பேச்சா? கடல்ல வந்த பேச்சு மதினி அது. மறந்துட்டியா? உம் புருசன் கடையிலதான நடந்துச்சு."

ஆமாம், கடை என் புருசன் முத்துராமலிங்கத்தினுடையதுதான். சொல்லிச் சொல்லிப் பழகியதில் அந்தச் சொல் யாரோடு வந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கணேசலிங்கம் போனை எடுத்துப் படியில் வைத்தார். பாரில் கேட்கிற மாதிரியே கேட்டார். எதையும் அவராக எடுத்துக் கொடுக்கவில்லை.

"எப்படி வந்துச்சு அந்தப் பேச்சு?"

"கார்த்திகை மாசம், நல்ல மழை" என்றான் மலையாண்டி. "நாங்க கடைக்குள்ள குந்தியிருக்கோம். ஒருத்தரு சொட்டச் சொட்ட வாராரு. அவரு வந்த தோணிய நீவாடு, அதான் கடல் நீரோட்டம், இழுத்துக் கொண்டாந்து நம்ம கரையில போட்டுருச்சு. வாசல்ல நின்னு, 'இது தவறணையோ?'ன்னு கேட்டாரு. நாங்க சிரிச்ச சிரிப்பு! இவ புருசன் மட்டும் சிரிக்கல. 'தவறி வந்தவுகள அணைச்சுக்கிற எடந்தான், உள்ள வாங்க'ன்னு கூப்பிட்டாரு. அன்னையிலேருந்து கடைக்கு அதே பேரு. அவரையும் தவறணைக்காரருன்னே கூப்பிட்டோம். சொந்தப் பேரு எங்க நாக்குல நிக்கல."

"ஆளு எப்படி இருப்பாரு?"

"கறுப்பா, நெட்டையா."

"இந்தக் கரையில பூரா அப்படித்தாண்டா இருக்கானுக" என்று நான்தான் சொன்னேன். "சிரிச்சாருன்னா அவருக்கு எடது கண்ணு மூடிக்கிரும்யா. அதுக்காகவே அவரைச் சிரிக்க வைப்பாக."

கணேசலிங்கம் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருக்கு அப்பாவின் முகம் நினைவில்லை. மூடுகிற அந்த ஒரு கண்தான் நினைவிருந்தது. இத்தனை கடையிலும் அதை யாரிடமும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் குடிக்கிறவன் ஆமாம் என்று தலையாட்டிவிடுவான், அப்புறம் எது நிஜம் என்று தெரியாது என்பார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பா ஆத்தா அது. அம்மா இன்னும் காத்துக்கிட்டு இருக்கு. மிச்சத்தையும் சொல்லுங்க" என்று போனை என் பக்கம் நகர்த்தினார்.

"சொல்ல மாட்டேன்" என்றேன். "வந்தாருய்யா. அது நெசம். மிச்சத்த இந்தப் பெட்டிக்கிட்டச் சொல்ல மாட்டேன். ஒன் ஆத்தாளக் கூட்டிட்டு வா."

கெஞ்சினார். கவிப்ரியாவும் கோபித்தாள். நான் அசையவில்லை. சில சேதியை ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் அழுகையும் சிரிப்புமாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் விமலாதேவியை ஆட்டோவில் கூட்டி வந்தார். என் வயசுக்காரி. நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு. பாயை விரித்தேன், உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"வெளிக்கிட்டவரோ?"

"வெளிக்கிட்டு வந்து எங்க கரையில ஏறினாரு தாயி. தெனம் விடியக்காலம் கடலப் பாத்துக்கிட்டு நிப்பாரு. அவரு காச்சல்ல படுத்தப்ப, என் கூடப் பொறந்த தம்பி தங்கப்பாண்டி உங்களத் தேடி மண்டபம் வரைக்கும் போனான்."

"நாங்கள் அங்கதானே இருந்தனாங்கள்! இடையில கொஞ்ச நாள்தான் வேற முகாம்."

"அவன் போனப்ப உங்கள வடக்க வேற முகாமுக்கு அனுப்பிட்டாக போல. கூட்டமான கூட்டம். அப்படி யாரும் இல்லைன்னு கேட்டுட்டு வந்துட்டான். நீங்க அந்தக் கரையிலேயே மாட்டிக்கிட்டீகன்னு இவரு பதறிப் போனாரு. சோறு எறங்கல. தை மாசம் என் தம்பியக் கூட்டிக்கிட்டுத் தோணியில திரும்பிப் போனாரு."

"எங்களை எடுக்கவோ?"

"ஆமா தாயி."

"நாங்கள் இஞ்ச இருக்க?"

"ஆமா."

"பிறகு?"

"தோணிப் பலகை மட்டுந்தான் மாரியூர்க் கரையில ஒதுங்குச்சு."

விமலாதேவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெயிண்ட் காயவில்லை, உள்ளங்கை பூராவும் நீலமாகிவிட்டது.

"விசரன்" என்றாள். "நில்லுங்கோ எண்டால் ஒரு இடத்தில நிக்கத் தெரியாத மனுசன். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதோ?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கணேசலிங்கம் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தார். 

அவள் தேறிய பிறகு ஒன்றைச் சொன்னேன். ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் என் தம்பிக்கு இலை போட்டுப் படைக்கும்போது, பக்கத்தில் இன்னொரு இலையும் போடுவேன். தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். பிறகு, "தவறணைக்காரரே, நீங்களும் வாங்க" என்பேன். அந்த இலையில் ஒரு பட்டை. பதநீர் கிடைத்தால் பதநீர், இல்லாவிட்டால் கருப்பட்டித் தண்ணீர். கேட்க ஆள் இல்லாத சீவன் பசியோடு போகக் கூடாது என்று என் புருசன் தொடங்கிவைத்தது.

விமலாதேவி என்னையே பார்த்தாள். "நாற்பது வருசமாவோ?" என்றாள். பிறகு, "அந்த இலையை இனி நான் போடுறன்" என்றாள்.

"அது எப்படி? நான் போட்ட எலைய விட முடியாது."

"என்ர மனுசன்."

"எங்க வீட்டுச் சாமி."

மலையாண்டி குறுக்கே வந்தான். "ரெண்டு கெழவியும் அடிச்சுக்கிட்டீகன்னா அவரு பசியோட திரும்பப் போயிருவாரு. ஒருத்தி சமைங்க, ஒருத்தி பரிமாறுங்க." அதன்படி முடிவானது. சமையல் அவளுக்கு, இலை எனக்கு.

ஆடி அமாவாசைக்கு வந்தாள். நெற்றியில் திருநீறு மட்டும். யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்துகொண்டு வந்திருந்தாள். மீன் கிடையாது, அவருக்குப் பிடிக்குமென்று முருங்கையிலையும் பயறும் போட்டு ஆக்கியிருந்தாள். நான் இரண்டு இலை போட்டேன். அவள் பரிமாற வந்தபோது நானே விலகிக் கொடுத்தேன். தம்பியைக் கூப்பிட்டேன். அடுத்த இலைக்கு வந்ததும், "தாயி, பேரச் சொல்லு" என்றேன்.

அவள் காலத்துப் பொம்பளைகள் புருசன் பெயரைச் சொல்வதில்லை. எங்கள் பக்கமும் அப்படித்தான். மகனைத் திரும்பிப் பார்த்தாள். "தம்பி, நீ சொல்லு." கணேசலிங்கம் வாயைத் திறந்தார். அதற்குள் அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"பொறு. நான் சொல்றன்."

கடல் பக்கமாகத் திரும்பி நின்றாள். தூரத்தில் போகிற ஆளை நிறுத்திக் கூப்பிடுகிற மாதிரி, கை இரண்டையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு, "சிற்றம்பலம்!" என்றாள்.

அலைச் சத்தத்தையும் தாண்டிப் போனது. கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். நானும் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். மலையாண்டியும் சொன்னான். அவள் எங்களைக் கவனிக்கவில்லை. ஒரு தடவை போதாது என்று தோன்றியதோ என்னவோ, இன்னும் கொஞ்சம் முன்னால் போய், தண்ணீரில் கால் நனைய நின்று, திரும்பவும் கூப்பிட்டாள்.