மேட்டைப் பார்த்து முதல் பாதி

காற்சட்டையில் சேறு காய்ந்து, நடக்க நடக்கத் தொடையில் உரசியது. பூட்ஸைக் கழற்றி நாடாவால் முடிந்து கழுத்தில் போட்டிருந்தேன். ரப்பர் செருப்போடு தேயிலை மலைக்கு நடுவே இறங்கும் குறுக்குப் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் எங்கள் லயத்து வீடுகள் பக்கம் யாரோ தகரத்தைத் தட்டும் சத்தம் இன்னும் கேட்டது. நாங்கள் நாலு கோல் போட்டதற்கான கொண்டாட்டம். அதில் நான் நிற்கவில்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு ஒரு பதிலைச் சொல்லிவிட்டு முகம்கூடக் கழுவாமல் கிளம்பிவிட்டேன்.

நமுனுகுல மலையின் தலை மேகத்துக்குள் போயிருந்தது. கீழே ஹாலிஎல பக்கம் இன்னும் வெயில் இருந்தது. எங்கே போகிறேன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. எங்கே போகமாட்டேன் என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். மறுநாள் காலை பெரட்டுக்குப் போகமாட்டேன்.

விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. அப்பா அதில் நின்றார். நின்ற இடத்திலேயே ஒருநாள் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நானும் நின்றேன். பிடிக்காமல் கொழும்புக்கு ஓடி ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன், வெலிமடைப் பக்கம் மரக்கறி லொறியில் ஏறினேன், காய்ச்சலோடு திரும்பி வந்து மறுபடியும் பெரட்டில் நின்றேன். பதுளையில் கிளப் தொடங்கி, என்னைக் கோல் கீப்பராக எடுத்துக்கொண்ட நாளில்தான் கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சொன்னேன்.

"இனி வரமாட்டேங்க ஐயா. என் பேர எடுத்துருங்க."

அவர் சிரித்தார். "பேரு எங்கயும் போகாதுடா. புட்போலுல காத்து போனா நீயே வருவ."

அந்தச் சிரிப்பு எனக்குள் ஒரு முள்ளாக இருந்தது. கிளப் இருந்த காலமெல்லாம் இருந்தது.

கிளப்பை நடத்தியவர் பதுளை டவுனில் இரும்புக் கடை வைத்திருந்த முதலாளி. எங்கள் பக்கத்தில் அதற்கு முன் சம்பளத்துக்குப் பந்து விளையாடியவன் யாரையும் நான் கண்டதில்லை. எடுத்த ஆட்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்துப் பையன்கள். கெப்டன் கொஸ்லந்தக்காரன். மண் சரிந்து அவன் லயம் போன பிறகு தற்காலிகக் கொட்டிலில் இருந்தபடியே பயிற்சிக்கு வருவான். மேட்சுக்கு முன் அவன் ஒரு தேங்காய் உடைப்பான், நான் சிலுவை போட்டுக்கொள்வேன். "ரெண்டு பக்கமும் சொல்லி வச்சாச்சு, இனி நாமதான் ஓடணும்" என்பான்.

அந்த நாட்களில் ஒருமுறை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர் என்ன தொழில் என்று கேட்டார். புட்போல் என்றேன். "அது வெளயாட்டு. தொழிலக் கேட்டேன்" என்றார். "அதுதாங்க தொழிலு" என்றேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அன்றைக்கு முழுவதும் நன்றாக இருந்தது.

நாங்கள் எப்படி ஜெயித்தோம் என்று சொல்ல வேண்டுமென்றால் எங்கள் தோட்டத்து மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு சரிவு. தேயிலையைப் பிடுங்கிவிட்டு, வேறெதற்கும் ஆகாது என்று பழைய துரை ஒருவர் விளையாடக் கொடுத்த துண்டு நிலம். மேல் கோலில் நின்று பார்த்தால் கீழ்க் கோலின் குறுக்குக் கம்பு நம் கால் மட்டத்துக்குத் தெரியும். கீழ்க் கோலுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கான், கானைத் தாண்டினால் பள்ளம். பந்து அதில் விழுந்தால் ஆட்டம் நின்றுவிடும், ஒருவன் இறங்கி எடுத்து வரும்வரை மற்றவர்கள் உட்கார்ந்திருப்போம்.

அதனால் டொஸ் வென்றவன் எப்போதும் மேட்டைத்தான் கேட்பான். முதல் பாதி மேட்டைப் பார்த்து ஆடுவது. அதாவது நெருக்கி நிற்பது, ஓடாமல் இருப்பது, கோல் வாங்காமல் சமாளிப்பது. இடையில் ஒரு பிளேன் டீ. இரண்டாம் பாதி பள்ளத்தைப் பார்த்து. எதிராளிக்கு மேல்மூச்சு வாங்கும் நேரத்தில் நாம் தண்ணீர் மாதிரி இறங்குவோம். ஊவாவில் எந்தத் தோட்டத்து அணியும் இப்படித்தான் ஆடும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பதுளை மைதானம் சமதரை. முதல் மேட்சில் அங்கேயும் முதல் பாதி முழுக்க மேட்டைப் பார்த்து ஆடினோம். வேண்டுமென்று செய்யவில்லை. கண்ணுக்கு மைதானம் சமமாகத்தான் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. எதிரணி எங்களுக்கு ஏதோ வயிற்றுக் கோளாறு என்று நினைத்திருக்கும். அவர்கள் அடித்து அடித்துக் களைத்தார்கள். இடைவேளை முடிந்து வந்ததும் எங்களுக்குப் பள்ளம் வந்துவிட்டது. மூன்று கோல்.

ஜனமும் அப்படித்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அன்றன்றே காசு தரும் கைக்காசுக் கொழுந்து எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பஸ் பிடித்தால் இடைவேளைக்குத்தான் வந்து சேரலாம். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் புலம்புவார்: "என்னம்மா, பாதி முடிஞ்சிருச்சு, இப்பதான் வர்றீங்க?"

"மேட்டப் பாத்து ஆடுறத என்னாத்தப் பாக்குறது?" என்பாள் கொழுந்துக் கறை போகாத விரலோடு ஒருத்தி. "எறக்கத்துக்கு வந்துட்டோம்ல, வழிய விடு."

அந்தப் பருவத்தில் பெரிய பெரிய அணிகளெல்லாம் பதுளைக்கு வந்து இரண்டாம் பாதியில் தோற்றுப் போயின. இரும்புக் கடை முதலாளி ஒரு மேட்சுக்குப் பிறகு எங்கள் எல்லோரையும் கட்டிப்பிடித்தார். அவர் சட்டை முழுக்கச் சேறு, அவருக்கு அது தெரியவே இல்லை.

இன்னும் மேலே போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, அடுத்த பருவத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு பயிற்சியாளரைக் கூட்டி வந்தார். படித்த மனிதர், கெட்டவர் இல்லை. எங்கள் ஆட்டத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கிரவுண்ட் மட்டமா இருக்கு. பிறகு ஏன் முதல் பாதியில படுக்கிறீங்க?"

"படுக்கல சேர், மேடு" என்றான் கெப்டன்.

"எங்க மேடு? காட்டு பார்ப்போம்."

கெப்டன் மைதானத்தைப் பார்த்தான். காட்ட ஒன்றுமில்லை. எங்களுக்கே சிரிப்பு வந்தது.

அவர் எங்களை முதல் நிமிடத்திலிருந்து ஓட வைத்தார். புத்தகத்தில் அதுதான் சரியாக இருக்கும். ஆனால் எங்கள் உடம்பில் பாதி அவர் சொன்னபடியும் பாதி பழையபடியும் ஆடியது. முன்னால் நிற்பவன் ஓடுவான், பின்னால் நிற்பவன் இன்னும் மேட்டிலேயே நிற்பான். இடைவேளைக்குள் மூச்சு முடிந்துவிடும். இரண்டாம் பாதியில் வரிசையாகக் கோல் வாங்குவேன். ஜனம் வரும் நேரமும் அதுதான். வலைக்குள் கிடந்த பந்தை எடுக்கப் போனபோது கம்பிவேலிக்குப் பின்னாலிருந்து ஒரு அக்கா கேட்டாள், "நாங்க வர்ற நேரம் பாத்தே வாங்குறீங்களேடா! முன்னாடியே வாங்கித் தொலச்சா என்னா?"

பிறகு அவர்கள் வருவதை நிறுத்தினார்கள். பயிற்சியாளரால்தான் விழுந்தோம் என்று நான் சொல்லமாட்டேன். அவர் எங்களை வேறு ஆட்களாக்கப் பார்த்தார், நாங்களும் ஆகிப் பார்த்தோம், இரண்டு பேருக்கும் முடியவில்லை.

ஒருநாள் முதலாளி எங்களைக் கடையின் பின்பக்கம் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே கூப்பிட்டார்.

"கடைக்கு ஆள் வரணும்னு கிளப் வச்சேன். இப்ப கடைக்கு வர்றவனெல்லாம் கிளப்பச் சொல்லிச் சிரிக்கிறான்" என்றார். "போதும். லீக்குல நம்ம எடத்தக் கீழ்நாட்டு கிளப் ஒண்ணுக்குக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கெழம மேட்ச் வேணாம். நாம வரலன்னு போட்டுக்கட்டும்."

"வரலன்னா? இங்கதானே இருக்கோம்?" என்றான் கெப்டன்.

"இருந்தா இருங்க."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஜேர்ஸியைப் போட்டுக்கொண்டு போனோம். மைதானக் கேட்டில் பூட்டு. எதிரணிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கடற்கரைப் பக்கமிருந்து விடியும் முன்னே கிளம்பிய பஸ் கேட்டுக்கு முன்னால் நின்றது. ரெஃப்ரியும் வந்திருந்தார். குறித்த நேரத்துக்குள் மைதானம் இல்லையென்றால் நாங்கள் தோற்றதாக எழுதிவிட்டுப் போகவேண்டியதுதான் என்றார்.

கெப்டன் அவர்களுடைய கெப்டனிடம் போனான். "இவ்வளவு தூரம் வளைவு வளைவா ஏறி வந்துட்டு, புட்போலத் தொடாமலேயா போகப் போறீங்க? எங்ககிட்ட ஒரு கிரவுண்ட் இருக்கு."

"நல்ல கிரவுண்டா?"

"காத்து நல்லா வரும்" என்றான் கெப்டன், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

ரெஃப்ரி, "நான் இத எழுத மாட்டேன். கணக்குல வராது" என்றார். சொல்லிவிட்டு அவரும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

பஸ் தோட்டத்துத் தேயிலை ஸ்டோர் வரைக்கும்தான் வந்தது. அங்கிருந்து நடந்தோம். மழை பெய்து ஓய்ந்த நிலம். மைதானத்தைக் கண்டதும் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லயத்து ஜனம் இந்த முறை தொடக்கத்திலேயே வந்து கூடிவிட்டது. அம்மாவும் அக்காவும் மேல் கரையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை குடையை ஊன்றி நின்றார்.

டொஸ் போட்டோம். அவர்கள் வென்றார்கள். அவர்களுடைய கெப்டன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், கையைக் கீழே நீட்டினான். இறக்கத்தைக் கேட்டுவிட்டான்! கரையில் நின்ற கிழடு கட்டைகள் வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டன. எங்கள் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகூட அந்தத் தவறைச் செய்யாது.

முதல் பாதியில் இரண்டு வாங்கினேன். அவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள், வேகம் வேறு, கீழே நின்ற எனக்கு மலையே பெயர்ந்து வருவது மாதிரி இருந்தது. நாங்கள் நெருக்கி நின்றோம். பள்ளத்தில் விழுந்த பந்தை எடுத்துவரும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் உட்கார்ந்து இளைப்பாறினார்கள், அவர்கள் நின்றுகொண்டே சத்தம் போட்டார்கள். இடைவேளையில் அக்கா பிளேன் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர்களுக்கும் கொடுத்தாள்.

பிறகு எங்கள் இறக்கம். அவர்கள் மேலே அடித்த பந்து பாதியில் நின்று திரும்பி அவர்களிடமே உருண்டது. கெப்டன் ஓடவே இல்லை, இறங்கினான். பயிற்சியாளர் வந்ததிலிருந்து எங்கள் காலில் இருந்த குழப்பம் அன்று இல்லை. நாலு கோல். நாலாவது கோலுக்குப் பிறகு அவர்களுடைய கெப்டன் புல்லில் உட்கார்ந்து சிரித்துவிட்டான். "இது என்ன மச்சான், கிரவுண்டா, கூரையா?"

ரெஃப்ரி விசிலை ஊதிவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எங்கேயும் எழுதப்படாத ஆட்டம். கிளப்பும் அன்றோடு முடிந்தது. அது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் கணக்கப்பிள்ளை என் பக்கத்தில் வந்தார். குரலில் கடுமை இல்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

"நல்லா ஆடுன. போதும். காத்து போயிருச்சு. காலைல பெரட்டுக்கு வந்துரு, உன் பேரு இருக்கு."

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள்.

"காத்து கிளப்புக்குத்தாங்க போச்சு" என்றேன். "எனக்குப் போகல. அந்தப் பேர அடிச்சுருங்க."

"அப்பறம் என்னாத்தத் திம்ப?"

"அது என் வயிறு, நான் பாத்துக்குறேன்."

அம்மா தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு நடந்தேன். லயத்து அறை அக்கா பேரில் இருந்தது, அவள் கொழுந்தெடுக்கும்வரை யாரும் அவர்களை அசைக்க முடியாது. இல்லையென்றால் எனக்கு அந்த வாய் வந்திருக்குமா என்று இறங்கும்போது யோசித்தேன். வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஹாலிஎல வந்து சேர்ந்தபோது கடைகளில் லைட் போட்டிருந்தார்கள். ரெண்டு ரொட்டி தின்றேன். ஸ்டேஷன் பெஞ்சில் அம்மாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். குளிர்தான். இதைவிட மோசமான இடங்களில் தூங்கியிருக்கிறேன்.

விடிந்ததும் பைப்பில் முகத்தைக் கழுவிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். ஒரு லொறி செங்கல் ஏற்றி ஓரமாக நின்றது. மேலே சரிவில் வீடு கட்டுகிறார்கள், லொறி ஏறாது. படிக்கட்டில் ஆட்கள் வரிசையாக நின்று கல்லைக் கைக்குக் கை எறிந்து மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் ஓரிடத்தில் ஆளில்லை, அங்கே மட்டும் ஒருவன் இறங்கி இறங்கி ஏறினான். மேசன் பாஸிடம் போனேன்.

"ஆள் வேணுமா பாஸ்?"

அவர் என் ஜேர்ஸியையும் சேற்றையும் பார்த்தார். "என்ன வேல தெரியும்?"

"புட்போல்."

"வேலையக் கேட்டேன்."

"நானும் வேலையத்தான் சொல்றேன். கோல் கீப்பர். வர்றதப் பிடிப்பேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பிடிச்சாச் சரி பாஸ்" என்றான் ஒருவன். "விட்டா என் காலு."

"மேல நிக்கிறியா, கீழ நிக்கிறியா?" என்றார் பாஸ்.

சரிவை ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன். "மத்தியானம் வரைக்கும் கீழ. பெறகு மாத்திக்குவோம்."

காற்சட்டைப் பைக்குள்ளிருந்து கோல் கீப்பர் கையுறையை எடுத்து மாட்டினேன். வலது பெருவிரல் கிழிந்திருந்தது. லொறியில் நின்றவன் இரண்டு கல்லைச் சேர்த்து எறிந்தான். பிடித்து மேலே எறிந்தேன். நமுனுகுல பக்கம் அந்நேரம் பேர் கூப்பிட்டு முடித்திருப்பார்கள். அடுத்த இரண்டு கல் வந்தது.