தடித்துப்போன கழுத்து

மொன்டானாவில் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் வெர்லின் ஹாகே, கடைத் தோட்டாவை நம்பாதவர். சுட்டபின் விழும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டின் கீழறை மேசையில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் ஏற்றிக்கொள்வார். மனிதர்களையும் அவர் எளிதில் நம்பியதில்லை. வேறு யாரும் தன் கூடுகளைத் தூக்கிப்போய்விடக் கூடாதென்று ஒவ்வொன்றின் அடியிலும் ஊசியால் கீறி அடையாளம் வைத்திருந்தார்.

எல்க் மான் வேட்டை தொடங்குமுன் குறி சரிபார்க்கப் போனபோது நானும் உடனிருந்தேன். ஒரு தோட்டா சுட்டதும் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் இறுகிக்கொண்டது. உள்ளங்கையால் குத்தித்தான் திறந்தார். மருந்தைப் பற்றவைக்கும், கூட்டின் அடியிலிருந்த கேப் நசுங்கித் தட்டையாகி, ஓரமெல்லாம் கரி பிடித்திருந்தது. உள்ளே அழுத்தம் எகிறியிருக்கிறது. இன்னும் கூடியிருந்தால் முகத்திலேயே வெடித்திருக்கும். இத்தனைக்கும் பல வருஷமாக அதே மருந்து, அதே அளவு.

அவர் மனம் நேரே மனைவி ஆர்டிஸின் தம்பி ராய்ஸிடம் போய் நின்றது. ஆலங்கட்டி மழையில் தன் வீட்டுக்கூரை போனதால், கோடை முழுக்க ராய்ஸ் அந்தக் கீழறையில்தான் தங்கியிருந்தார். வசந்தகாலத் துப்பாக்கிப் போட்டியில் வெர்லினிடம் தோற்றவர் வேறு.

"மருந்து டப்பாவுல எதையோ கலந்துட்டான்," என்றார், திரும்பி வரும்போது.

கீழறைக்குப் பூட்டு வந்தது. புது மருந்து வாங்கி ஏற்றிப் பார்த்தார். போல்ட் மறுபடி இறுகியது. அப்படியானால் கூடுகளை மாற்றிவிட்டான் என்றார். எல்லாவற்றிலும் அவருடைய கீறல் இருந்ததை ஆர்டிஸ் காட்டினாள். கீறலையும் பார்த்துக் கீறியிருப்பான் என்றார். அவள் தம்பிக்கு போன் போட்டாள்.

ராய்ஸ் வந்து உட்காரக்கூட இல்லை. அப்போதுதான் சுட்ட கூடு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் வாயில் புதுக் குண்டு ஒன்றை வைத்தார். அது உள்ளே இறங்கவில்லை.

"சுட்ட கூட்டுக்குள்ள குண்டு தன்னால விழணும், மச்சான். இதுல நிக்குது."

"நீ வாயை நசுக்கியிருப்ப."

"உங்க கையாலதானே கொடுத்தீங்க?"

வெர்லின் அவரை நம்பாமல் மைக்ரோமீட்டரை எடுத்துத் தானே அளந்தார். பிரிக்காத பெட்டியிலிருந்த புதுக் கூட்டின் கழுத்தை, குண்டைப் பிடிக்கும் அந்தக் குறுகிய பகுதியை அளந்தார், பிறகு பழையதை. மறுபடியும் இரண்டையும் அளந்தார். பழையது நன்றாகவே தடித்திருந்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும், பழைய அளவுக்குக் கொண்டுவர அச்சில் போட்டு அழுத்தும்போதும், கழுத்துக்குக் கீழே சரியும் தோளிலிருந்து பித்தளை கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்துக்கு நகர்ந்திருந்தது. கழுத்து நீண்டதை அவர் அவ்வப்போது வெட்டிவிட்டார். தடித்ததைப் பார்க்கவே இல்லை. விரிசல் விடாதிருக்கக் கழுத்தைச் சூடு காட்டி இளக்கி வேறு வந்ததால், எப்போதோ தூக்கியெறிந்திருக்க வேண்டிய கூடுகள் உழைத்துக்கொண்டே இருந்தன. தடித்த கழுத்துக்குத் துப்பாக்கிக்குள் விரிய இடமில்லை. குண்டை விடாமல் பிடித்துக்கொண்டது. அழுத்தம் ஏறியது அதனால்தான்.

"இனிமே பித்தளைமேல சந்தேகப்படு," என்றாள் ஆர்டிஸ். "என் தம்பியை விடு."

ராய்ஸ் சாப்பிடாமலே போய்விட்டார். நவம்பர் கடைசியில் நன்றித் திருநாள் விருந்துக்கு ஆர்டிஸ் தனியாகவே தம்பி வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போனாள். மதியம் வெர்லினும் போனார். ஆனால் இறங்காமல், வாசலில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ராய்ஸ் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"உள்ள வாங்க. வான்கோழி ஆறுது."

"நான் பேசினது தப்பு."

"தெரியும். வாங்க."

அந்த வாரத்தோடு வேட்டைக்காலம் முடிவதாக இருந்தது. சனிக்கிழமை வெர்லின், ராய்ஸ், நான் மூவரும் மலையேறினோம். வெர்லின் புதுக் கூடுகளில் ஏற்றிய தோட்டாக்களைக் கொண்டுவந்திருந்தார். அவர் துப்பாக்கியைத் தூக்கியதும் ராய்ஸ் ஒரு பைன் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்:

"நீங்க சுடுங்க மச்சான். நான் இங்கயே நிக்கிறேன்."