பின்மூடி இல்லாத போன்

படகில் ஏறுவதற்கு முன் லெய்பாகோவா எப்போதும் ஒரு காரியம் செய்வாள். பெலே தீவின் கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி, போனின் பின்மூடியைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பி பேட்டரியை வெளியே எடுப்பாள். பேட்டரியைத் துணியில் சுற்றித் தலைமுடிக்குள் செருகிக்கொள்வாள். போன் பிளாஸ்டிக் பைக்குள், மரவள்ளிக் கூடையில். அக்கரையில் எமுவா துறையில் இறங்கி, கை காய்ந்த பிறகுதான் இரண்டையும் சேர்ப்பாள். பதினோரு வருடமாக இப்படித்தான். விலா நகரச் சந்தைக்குப் போகும் பெண்கள் அவளுக்காகக் காத்திருந்து பழகிவிட்டார்கள்.

"அண்ணி, தொப்புள்கொடி அறுக்கிற மாதிரியில்ல இருக்கு நீங்க பண்றது" என்பாள் நாத்தனார் லெய்செல்.

"உன் போன் ரெண்டும் உப்புத்தண்ணி குடிச்சுச் செத்துச்சே, மறந்துட்டியா?"

லெய்பாகோவாவின் போனும் மூன்று முறை கடலில் விழுந்திருக்கிறது. மூன்று முறையும் நல்ல தண்ணீரில் அலசி, பிரித்து வெயிலில் போட்டாள். பிழைத்துக்கொண்டது.

அந்தப் போனில் ஒரே குறை, முகம் தெரியாது. மகன் கல்மெட் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவன் குரல் வரும். இளைத்தானா, தேறினானா என்று குரலை வைத்து என்ன கண்டுபிடிப்பது?

ஊர் திரும்பிய ஒருவனிடம் கல்மெட் புதுப் போன் கொடுத்தனுப்பினான். முன்னும் பின்னும் கண்ணாடி. லெய்செல் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "இதுக்கு வாசல் எங்க அண்ணி?"

விலாவில் கடைக்காரர் சிம் கார்டைச் சின்னதாக வெட்டிப் போட்டுக் கொடுத்தார். அந்த ஞாயிறு கல்மெட்டின் முகம் அவள் உள்ளங்கைக்கு வந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. மீசை வைத்திருந்தான். அவள் பேசுவதையே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எட்டிப் பார்த்த லெய்செல்தான் ஊர்க்கதை எல்லாம் சொன்னாள்.

மறுநாள் தென்கிழக்குக் காற்று. படகைத் தூக்கிப் போடும் என்று கரையிலேயே தெரிந்தது. போனை வீட்டில் வைத்துவிட்டு வரலாம்தான். ஆனால் சந்தையில் நான்கு நாள் இருக்க வேண்டும், நடுவில் அவன் கூப்பிட்டால்? பேட்டரியோடு கடலில் கொண்டுபோகவும் மனம் ஒப்பவில்லை. நகம் நுழைய எங்கும் இடமில்லை. விளிம்பில் மயிரிழை போல ஒரு கோடு மட்டும் இருந்தது. கிழங்கு சீவும் கத்தியின் முனையை அதில் வைத்து, வழக்கம்போல் நெம்பினாள்.

பின்கண்ணாடியில் நெடுக விரிசல் விட்டது. முன்பக்கத்தில் பச்சைக் கோடுகள் ஓடின. பிறகு இருட்டு.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. லெய்செல் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அவளும் வாய் திறக்கவில்லை. கேலி பேசியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சந்தையில் கீரைக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, என்ன பொய் சொல்வது என்று யோசித்தாள். திருடு போயிற்று எனலாம். ஆனால் விலா சந்தையில் அவள் பொருளை யாரும் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில், வெட்டிய சிம்மை ஒட்டுநாடாவால் பழைய போனில் பொருத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"என்னம்மா, மொகத்தக் காணோம்?"

"ஒடைச்சுட்டேன்டா."

"கீழ போட்டுட்டியா?"

"இல்ல. பேட்டரிய எடுக்கலாம்னு கத்திய விட்டேன்."

"எதுக்கும்மா?"

"படகுல ஏறத்தான்."

அவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். "தண்ணி உள்ள போகக்கூடாதுன்னுதாம்மா அப்படி மூடி வச்சிருக்காங்க. நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது."

"அத எங்கிட்ட யாருடா சொன்னா?"

"நாந்தான் சொல்லியிருக்கணும்."

"சரி, உள்ள இருக்கற பேட்டரி கெழடாயிட்டா?"

"புதுசு வாங்க வேண்டியதுதான்."

"பேட்டரியா?"

"போனு."

பழைய போனுக்கு அவள் நான்கு பேட்டரி மாற்றியிருக்கிறாள். நனைந்தால் பிரிப்பது, தேய்ந்தால் மாற்றுவது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம். அது போதுமாயிருந்தது. புதியது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்கிறான் மகன். இருக்கலாம். அதற்கு முடியாமல் போகும் நாளில், பக்கத்தில் இருந்தும் அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

"விடும்மா. தோட்டத்துல இன்னும் ஆறு மாச வேலைக்குக் கையெழுத்துக் கேக்கறாங்க. போட்டேன்னா இன்னொரு போன் வாங்கி அனுப்பிடுவேன்."

கண்ணாடிக்குள் அவன் முகத்தைப் பார்க்க, அவனை ஆறு மாதம் அங்கேயே விட வேண்டும். லெய்பாகோவாவுக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது.

"போடாத" என்றாள்.

"அப்ப மொகம் பாக்க வேணாமா?"

"நீ வா. நேர்ல பாத்துக்கறேன்."

லெய்செல் போனருகே வாயைக் கொண்டுபோனாள். "மருமவனே, அந்த மீசைய மட்டும் அங்கயே விட்டுட்டு வா."

கல்மெட் கையெழுத்துப் போடவில்லை. செப்டம்பரில் வந்து சேர்ந்தான். இப்போது வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். ஏப்ரலில் மறுபடி போவதா வேண்டாமா என்று தாயும் மகனும் இன்னும் பேசி முடிக்கவில்லை.